டிரைவ்-இன் ஸ்டாப்

உக்காரும்மா, உக்காரு. பையை என் காலடியில வச்சுடு, யாரும் எடுக்க மாட்டாங்க. எங்க இறங்கணும் நீ? கோவளமா? அப்போ ரொம்ப தூரம் இருக்கு. ரோட்டை வேற தோண்டிப் போட்டிருக்கானுங்க, எப்ப போய்ச் சேருவோம்னு தெரியல. பேசிட்டே போலாம். காதுல அந்த ஒயரை மாட்டிக்கிட்டாலும் பரவாயில்ல, நான் பேசிட்டேதான் இருப்பேன். வீட்டுல தனியா இருக்கேனா, வாய் வெளிய வந்தாத்தான் திறக்குது.

நானா? நான் டிரைவ்-இன் ஸ்டாப். அக்கரை தாண்டினதும் கண்டக்டர் 'டிரைவ்-இன், டிரைவ்-இன்'னு கூவுவான் பாரு, அதான். ஏன் அந்தப் பேருன்னு உனக்குத் தெரிய வாய்ப்பில்ல. கண்டக்டருக்கே தெரியல. ஒருநாள் கேட்டேன், "ஏம்பா, அது என்ன டிரைவ்-இன்"னு. "ஏதோ ஓட்டல் இருந்திருக்கும் பெரியம்மா"ங்கறான். ஓட்டலாம்!

சினிமா தியேட்டர்ம்மா அது. சாகரம் டிரைவ்-இன். கூரை கிடையாது, சுவர் கிடையாது. பெரிய மைதானம், அந்தக் கோடியில வானத்துக்கு நிமிர்ந்து நிக்கிற ஒரு வெள்ளைத் திரை, அதுக்குப் பின்னாடி சவுக்குத் தோப்பு, அதுக்குப் பின்னாடி கடல். காரோட உள்ள போய் நிறுத்திக்கணும். பக்கத்துக் கம்பத்துல ஒரு ஸ்பீக்கர் பொட்டி தொங்கும், அதை எடுத்து ஜன்னல் கண்ணாடியில மாட்டிக்கணும். காருக்குள்ளயே உக்காந்து படம் பாக்க வேண்டியதுதான். கார் இல்லாதவங்களுக்கு முன்னாடி நாற்காலி போட்டிருப்பான். இருட்டினாத்தான் படம் போடுவான். மழை வந்தா படம் இல்ல. அவ்வளவுதான் சட்டம்.

இப்போ அங்க வரிசையா அபார்ட்மென்ட். நீச்சல் குளமெல்லாம் இருக்காம். என் பொண்ணு அதுல ஒரு வீடு வாங்கியிருக்கா. அதைத்தான் பாக்கப் போறேன். புதுமனை புகுவிழா முடிஞ்சு மாசக்கணக்காச்சு. நான் போகல. ஏன்னு கேக்கறியா? சொல்றேன். சொன்னா நீயே ஒரு நியாயம் சொல்லு. உலகத்துல எத்தனையோ இடம் இருக்கு. வேளச்சேரியில வாங்கலாம், தாம்பரத்துல வாங்கலாம். எந்தப் பொண்ணாவது, அண்ணன் கடைசியா சந்தோஷமா இருந்த மண்ணு மேல போய் வீடு வாங்குவாளா?

எனக்கு ரெண்டு குழந்தைங்க. மூத்தவன் குகன். இளையவ பூரணி, இந்த வீடு வாங்கினவ. குகன் பொறந்தப்போ அழல. அரை மணி நேரம் போராடித்தான் அழ வச்சாங்க. அந்த நேரத்துல மூளைக்குக் காத்து போகலன்னு பின்னாடி சொன்னாங்க. நடப்பான், ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு நடப்பான். பேச்சு வராது. சத்தம் வரும். சந்தோஷம்னாலும் அதே சத்தம், பயம்னாலும் அதே சத்தம், மாடு கத்தற மாதிரி. எனக்கு வித்தியாசம் தெரியும். மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பப்போ வலிப்பு வேற வரும்.

அழகா இருப்பான்ம்மா. என் பிள்ளைன்னு சொல்லல. கண்ணு ரெண்டும் அப்படி இருக்கும்.

அவனுக்கு ஆறு வயசு இருக்கறப்போ ஒரு தடவை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனோம், சாதாரண தியேட்டருக்கு. அவருக்குச் சினிமான்னா உசிரு. அவருன்னா என் வீட்டுக்காரர், தாமோதரன், மின்வாரியத்துல இருந்தார். விளக்கை அணைச்சதும் பையன் கத்த ஆரம்பிச்சான். அது சந்தோஷச் சத்தம்மா. திரையில கலர் கலரா வருதே, அதுக்கு. முன் சீட்டுக்காரன் திரும்பி, "பைத்தியத்தையெல்லாம் ஏன்யா இங்க கூட்டிட்டு வர்றீங்க"ன்னான். டார்ச் லைட்டு வச்சிருக்கற ஆளு வந்து எங்க மூஞ்சியில அடிச்சான். என் மூஞ்சி, அவர் மூஞ்சி, பிள்ளை மூஞ்சி. ஜனமெல்லாம் படத்தை விட்டுட்டு எங்களைப் பாக்குது. அவர் எழுந்துட்டார். பிள்ளையைத் தோள்ல போட்டுட்டு நடந்தார். வெளிய வந்து ரிக்‌ஷாவுல ஏறினதும், "இனிமே எங்கயும் வேணாம் கோமளா"ன்னார். அவ்வளவுதான். கல்யாணம் கிடையாது, கோயில் கிடையாது, பீச்சு கிடையாது.

அப்பத்தான் அவர் ஆபீஸ்ல யாரோ இந்த டிரைவ்-இன்னைப் பத்திச் சொன்னாங்க. மறுமாசமே ஒரு பழைய பியட் கார் வாங்கிட்டார். நாங்க கார் வாங்கற ஆளுங்களே இல்ல. ஆபீசுக்கு பஸ்லதான் போவார். அந்தக் காரை சினிமாவுக்குன்னே வாங்கினார், பிள்ளைக்குன்னே வாங்கினார்.

முதல் சனிக்கிழமை போனோம். ஓரமா, கடைசி வரிசையில நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியை ஏத்திவிடச் சொன்னேன். படம் ஆரம்பிச்சுது, பையனும் ஆரம்பிச்சான். நான் அவன் வாயைப் பொத்தறேன். பக்கத்துக் கார்ல ஒரு குடும்பம், இட்லி டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்குச் சாப்பிடறாங்க. யாரும் திரும்பல. அவங்கவங்க கார், அவங்கவங்க ஸ்பீக்கர். அப்போ திடீர்னு படம் அறுந்து போச்சு. திரை வெள்ளையாயிடுச்சு. உடனே என்ன பண்ணாங்க தெரியுமா? மைதானத்துல இருந்த அத்தனை காரும் ஹார்ன் அடிச்சுது. அத்தனையும் சேர்ந்து! காது கிழியுது. பையன் ஒரு நிமிஷம் அசந்து போயிட்டான். அப்புறம் சிரிச்சான். சத்தமில்ல, சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. அவர் அவன் கையைப் பிடிச்சு ஹார்ன் மேல வச்சு அமுக்கினார். எங்க காரும் கத்துது, பிள்ளையும் கத்தறான், ஊரே கத்துது. இவரு அழறாரு.

உலகத்துல அந்த ஒரு இடத்துலதாம்மா என் பிள்ளையை யாரும் சும்மா இருன்னு சொல்லல.

அப்புறம் என்ன, ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். வருஷக்கணக்கா. ஒரே படத்தை மாசம் பூரா ஓட்டினாலும் போவோம். அவனுக்குக் கிழமை தெரியாது, மணி தெரியாது, ஆனா சனிக்கிழமை தெரியும். எப்படித் தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அப்பா செருப்பை எடுத்துட்டு வந்து அவர் மடியில வச்சுடுவான். "டேய், மணி மூணுதான்டா ஆகுது"ம்பார். அவனுக்கு அதெல்லாம் கணக்கில்ல. வச்சுட்டுப் போய் கார் பக்கத்துல நிப்பான்.

கொஞ்சம் அந்த ஜன்னலைத் தள்ளேன். புழுக்கமா இருக்கு.

பூரணியா? அவளும் வருவா. விட்டுட்டா போவோம்? அவ கைக்குழந்தையா இருந்த வரைக்கும் என் மடியில இருந்தா. அப்புறம் இவன் வளர்ந்துட்டான், பின் சீட்டு பூரா அவனுக்கு வேணும். காலை உதைப்பான், அடி இவளுக்கு விழும். அதனால முன்னாடி போட்டிருப்பான்னு சொன்னேனே நாற்காலி, அங்க கொண்டுபோய் உக்கார வச்சிடுவோம். ஒரு பொட்டலம் பட்டாணி கையில குடுத்துடுவேன். சமத்தா இருப்பா. படம் முடிஞ்சதும் அவளே நடந்து வந்து கார்ல ஏறிக்குவா. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. ஸ்கூல் பீஸ், துணிமணி, எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். உண்மையைச் சொல்லணும்னா, ரெண்டாவது வேணாம்னுதான் அவர் சொன்னார். நான்தான், நமக்கப்புறம் குகனைப் பாத்துக்க ஒருத்தர் வேணுமேன்னு பெத்துக்கிட்டேன். அதை அவகிட்டயே சொல்லியிருக்கேன், சின்ன வயசுலேருந்தே. "நீ எதுக்குப் பொறந்தே? அண்ணனைப் பாத்துக்க." மறைச்சதில்ல. பெத்த பிள்ளைகிட்ட என்ன மறைக்க வேண்டியிருக்கு?

ஆனா அவ மனசு ஒரு மாதிரி கல்லும்மா. சின்னதுலேருந்தே அப்படித்தான். ஒரு தடவை பாரு, அவ நாலாவதோ அஞ்சாவதோ படிக்கறா. வழக்கம்போல அவளை முன்னாடி உக்கார வச்சுட்டு நாங்க கார்ல இருக்கோம். இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல குகனுக்கு வலிப்பு வந்துடுச்சு. சாதாரணமா வர்ற மாதிரி இல்ல, நிக்கவே மாட்டேங்குது. வாயெல்லாம் நுரை. அவர் வண்டியை எடுத்தார் பாரு, ஸ்பீக்கர் ஒயர் அறுந்து ஜன்னலோடயே வந்துடுச்சு. நேரா அடையார்ல ஆஸ்பத்திரி. ஊசி போட்டு, அடங்கி, அவன் தூங்கினதுக்கு அப்புறம்தான் டாக்டர் கேட்டார், "உங்களுக்கு இவன் ஒரே பிள்ளையா"ன்னு. அப்பத்தான் எங்களுக்குப் பூரணி ஞாபகமே வருது.

அவர் திரும்பி ஓடினார். படம் முடிஞ்சு எல்லாக் காரும் போயிடுச்சு. கேன்டீன்ல பஜ்ஜி போடற எஸ்தர்னு ஒருத்தி, நல்ல மனுஷி, இவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத் துணைக்கு இருந்திருக்கா. "சார், இந்தப் பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல. இங்கேருந்து போனா அப்பா தேடுவாங்கன்னு சொல்லிச்சு"ன்னாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தார். வந்தவ என்கிட்ட ஓடி வரணுமா வேணாமா? கட்டிப்பிடிச்சு அழணுமா வேணாமா? கட்டில் பக்கத்துல நின்னு, "அண்ணனுக்கு இப்போ எப்படியிருக்கு?"ன்னா. அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. 'என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கல, அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்ல? கேக்காதவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

அதுலேருந்து அவ முன்னாடி போய் உக்காரல. எங்க காருக்கு வெளிய, கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னே பாப்பா. மூணு மணி நேரமும் நின்னுக்கிட்டே. "உக்காரேண்டி"ன்னா, "பரவாயில்லம்மா, இங்கேருந்து நல்லாத் தெரியுது"ம்பா. பிடிவாதக்காரி.

இது எந்த ஸ்டாப்பு? நீலாங்கரையா? இன்னும் இருக்கு.

அப்புறம் அந்த தியேட்டரை மூடிட்டான். டி.வி. வந்து, சி.டி. வந்து, கூட்டம் குறைஞ்சு போச்சு. மனை விலை ஏறிடுச்சு. யாரோ வாங்கிட்டாங்க. குகனுக்கு இருபத்தாறு வயசு அப்போ. அவனுக்கு இதை எப்படிப் புரிய வைப்பே? சனிக்கிழமை ஆச்சுன்னா செருப்பைக் கொண்டுவந்து மடியில வைக்கிறான். அவர் என்ன பண்ணுவார்? காரை எடுத்துட்டுப் போனோம். கேட்டு பூட்டியிருக்கு. இவர் ஹார்ன் அடிச்சார். பழைய வாட்ச்மேன் சடகோபன் அங்கதான் இருந்தான். குகனைப் பாத்தான், கேட்டைத் திறந்துவிட்டான்.

காலி மைதானம்மா. புல்லு முளைச்சுக் கிடக்கு. எங்க கார் ஒண்ணுதான். திரை மட்டும் வெள்ளையா நிக்குது. அவன் அந்த வெள்ளையையே பாத்துக்கிட்டிருந்தான். படம் இல்லைங்கறது அவனுக்குத் தெரிஞ்சுதா தெரியலையா, எனக்குத் தெரியல. ஆனா சிரிச்சான். இருட்டற வரைக்கும் இருந்துட்டு, அவனா ஹார்னை அமுக்கினான். கிளம்பிட்டோம். அப்படியே கொஞ்ச நாள் ஓடிச்சு. படமில்லாத சினிமாவுக்கு வாராவாரம் போற குடும்பம் நாங்க மட்டும்தான் இருப்போம்.

ஒரு சனிக்கிழமை போனோம். திரை இல்ல. இடிச்சுட்டான். அந்த இடத்துல சவுக்கு தெரியுது, அதுக்கு மேல வானம் தெரியுது. குகன் பாத்தான். எங்களைத் திரும்பிப் பாத்தான். அவங்கப்பா எங்கயோ அதை ஒளிச்சு வச்சுட்டாருன்னு நினைச்சானோ என்னமோ, அவர் தோளைப் பிடிச்சுக் குலுக்கறான். அப்புறம் தலையைக் கொண்டுபோய் ஜன்னல்ல முட்ட ஆரம்பிச்சான். என்னால தடுக்க முடியல, வளர்ந்த ஆம்பளை. நெத்தி கிழிஞ்சு ரத்தம் வழியுது. வீட்டுக்கு வந்தும் அடங்கல. அன்னியோட அவன் சிரிப்பு போச்சு. சோறு இறங்கல. வலிப்பு அடிக்கடி வர ஆரம்பிச்சுது. டாக்டர் என்னென்னமோ காரணம் சொன்னார். எனக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

பூரணி அப்போ பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்திருந்தா. விஷயம் தெரிஞ்சு ஒரு வெள்ளிக்கிழமை வந்தா. வரும்போதே பெரிய பொட்டி ஒண்ணு. படம் காட்டற மெஷினாம், வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கா. கார் நிக்குமே ஷெட்டு, அதுக்கு எதிர்ச் சுவர்ல ரெண்டு வேட்டியைச் சேர்த்துத் தைச்சுக் கட்டினா. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டல்லாம் போய், "சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் ஹார்ன் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. அப்புறம் அண்ணனைக் கார்ல உக்கார வச்சு, அவனோட பின் சீட்டுல இவளும் ஏறி உக்காந்துக்கிட்டா. பழைய படம் ஒண்ணு ஓடுது. நடுவுல வேணும்னே நிறுத்துவா. நிறுத்திட்டு, "அண்ணா, அடி! அடிச்சாத்தான் போடுவான்"ம்பா. ரெண்டு பேரும் எட்டி ஹார்னை அமுக்குவாங்க.

வாராவாரம் பெங்களூர்லேருந்து வந்தா. பஸ்ஸுல தூங்காம வந்து, ஞாயித்துக்கிழமை திரும்பப் போவா. குகன் ரெண்டு வாய் சாப்பிட ஆரம்பிச்சான். "பூரணி வந்ததாலதான் பையன் எழுந்திருச்சான்"னு அவர் வாய் ஓயாம சொல்லுவார். அவருக்கு என்ன, பொண்ணுன்னா பாசம். எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியல. சுவத்துல கட்டின வேட்டி அந்தத் திரையாகுமா? நான் சமையல் கட்டுலேருந்து பாப்பேனே, அவன் படத்தையே பாக்க மாட்டான். படம் அது பாட்டுக்கு ஓடும், இவன் திரும்பி அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பான். படம் முடியற வரைக்கும் அவ மூஞ்சிதான். அதுக்கு என்ன அர்த்தம்? படம் பிடிக்கலன்னுதானே அர்த்தம்?

என்னம்மா அப்படிப் பாக்கறே? கண்ணுல தூசியா? இந்தா, என் தலைப்புல துடைச்சுக்கோ. மண் வண்டிங்க போற ரோடு, ஜன்னலைச் சாத்திடு.

இப்போ சொல்றேன் பாரு, இதுதான் அவளை என்னால மன்னிக்க முடியாத விஷயம். அது ஒரு சனிக்கிழமை. அவருக்கு ஏதோ டியூட்டி, வீட்டுல இல்ல. அவங்க ரெண்டு பேரும் கார்ல. நான் உள்ள மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்கறேன், கிரைண்டர் ஓடுது. அரைச்சு முடிச்சு, வழிச்சு வச்சு, கை கழுவிட்டு வெளிய வந்தா படம் ஓடிட்டிருக்கு. அவ பின் சீட்டுல அசையாம உக்காந்திருக்கா. அவன் தலை அவ மடியில. தூங்கறான்னு நினைச்சேன். "எழுப்புடி, சாப்பிடட்டும்"ன்னேன். அவ என்னை நிமிர்ந்து பாத்தா. கையை அவன் தலையிலேருந்து எடுக்கவே இல்ல.

இருபத்தாறு வருஷம்மா. குளிப்பாட்டி, ஊட்டி, கழுவிவிட்டு, அவனை விட்டு ஒரு ராத்திரி நான் தனியாப் படுத்ததில்ல. கடைசி மூச்சு போறப்போ நான் பக்கத்துல இல்ல. பத்தடி தூரத்துல மாவு அரைச்சுக்கிட்டிருக்கேன். இவ மடியில போயிருக்கான். என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமா வேணாமா? கேட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்டேன். "ஏண்டி, என்னை ஏன் கூப்பிடல?" "கூப்பிட்டேம்மா"ங்கறா. "கத்திக் கத்திக் கூப்பிட்டேன். கிரைண்டர் ஓடிச்சு. இறங்கி வரலாம்னு பாத்தேன், அவன் என் கையைப் பிடிச்சிருந்தான். அவனை விட்டுட்டு வர முடியலம்மா."

விட்டுட்டு வர முடியலையாம். ஒரு நிமிஷம் விட்டுட்டு ஓடி வந்தா என்ன ஆகியிருக்கும்? நான் ஓடி வந்திருப்பேன்ல? என் பிள்ளை என்னைப் பாத்துட்டுப் போயிருப்பான்ல? நீயே சொல்லு.

சொல்ல மாட்டே. யாரும் சொல்ல மாட்டாங்க. அவரும் சொல்லல.

அதுக்கப்புறம் அவகூட எனக்குப் பேச்சுன்னா எண்ணி நாலு வார்த்தைதான். அவ கல்யாணம் பண்ணிக்கல. அண்ணன் உயிரோட இருந்தப்போ வந்த வரன்கிட்டயெல்லாம் நான்தான் முன்னாடியே சொல்லிடுவேன், "பொண்ணோட அண்ணனும் கூட வருவான்"னு. நேர்மையாச் சொல்லிடணும் இல்லையா? யாரும் திரும்ப வரல. அவன் போனதுக்கு அப்புறம் பாக்கலாம்னா, "வேணாம்மா, பழகிடுச்சு"ன்னுட்டா. அவர் போய் மூணு வருஷம் ஆகுது. படுக்கையில இருக்கறப்போ, "பூரணிகிட்ட போய் இரு கோமளா. அவளுக்கு யாரும் இல்ல"ன்னார். எனக்குத்தான் யாரும் இல்லன்னு அவருக்குத் தோணல பாரு.

பெங்களூர் வேலையை விட்டு இங்கயே மாறி வந்தவ, இந்த வீடு விஷயத்தைப் போன்லதான் சொன்னா. "அங்கயா? அங்கயாடி?"ன்னேன். அதுக்கு அவ, "நாலு பேரும் சேர்ந்து போன ஒரே இடம் அதுதாம்மா. எனக்கு வேற எங்கயும் வாங்கத் தோணல. உனக்கு ஒரு ரூம் வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா சவுக்குத் தோப்பு தெரியும், அதை மட்டும் வெட்டாம விட்டிருக்காங்க"ன்னா. நான் போனை வச்சுட்டேன். அந்த மண்ணை மிதிச்சு எப்படிம்மா நான் நடப்பேன்? அங்க நின்னு காபி குடிப்பேனா, துணி உலர்த்துவேனா?

ஆனா பெத்த கடமைன்னு ஒண்ணு இருக்கே. "வர்றேன்"னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் வர்றேன்னு. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு ஸ்டாப்புல நிப்பா. கார் அனுப்பறேன்னா, நான்தான் வேணாம்னுட்டேன். பஸ்லயே வந்துடுவேன்னேன்.

அக்கரை வந்துடுச்சா? அடுத்தது அதுதான். கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கோம்மா, எனக்கு அந்தப் பக்கம் தெரியணும். கூவறான் பாரு, டிரைவ்-இன், டிரைவ்-இன்னு. அதோ அந்த உசரமான கட்டடம்தான். நம்பரெல்லாம் போட்டிருக்கு. திரை எங்க நின்னுதுன்னு கூட அடையாளம் தெரியல.

நிக்கறாளா? நீ பாரேன். ஊதா சுடிதார்னு போன்ல சொன்னா, கண்ணாடி போட்டிருப்பா, தலை முன்னாடி நரைச்சிருக்கும். டை அடிக்க மாட்டா. இருக்காளா? நேரா பாக்காதே, பாக்காத மாதிரி பாரு. முன் வாசல்ல தேடறாளா? கிழவிங்க எல்லாரும் முன்னாடிதான் இறங்குவாங்கன்னு அங்கயே பாக்கறா. எவ்வளவு இளைச்சுப் போயிட்டா. ஒழுங்காச் சாப்பிடறாளோ இல்லையோ.

இல்லம்மா. பையை எடுக்காதே. நான் இறங்கல.

கை காட்டாதே, உஷ், அவளைக் கூப்பிடாதே! உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். என்னால முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இறங்கிடணும்னுதான் வர்றேன், கால் எழும்ப மாட்டேங்குது. என் பிள்ளை தலையை முட்டிக்கிட்ட இடம் அது. கண்டக்டர், யாரும் இல்லப்பா, போகலாம்! கோவளம் வரைக்கும் போயிட்டு இதே பஸ்லதான் திரும்பி வருவேன். வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒரு போன் போடுவேன், முட்டி வலி, கிளம்ப முடியலன்னு. "சரிம்மா, அடுத்த வாரம் வா"ம்பா. எப்பவும் அதேதான்.

வண்டி கிளம்பிடுச்சா? பின் கண்ணாடி வழியா தெரியுதா பாரு. போயிட்டாளா?

இன்னும் நிக்கறாளா? அடுத்த பஸ்ஸுக்குப் பாக்கறா போலிருக்கு. இந்த வேகாத வெயில்ல என்னத்துக்கு நிக்கணும், தலையில ஒரு துணி கூடப் போடாம? யாராவது அவகிட்ட போய்ச் சொல்லக் கூடாதா, வீட்டுக்குள்ள போம்மான்னு.